பழைய பிக்கப்புக்குப் புது அச்சு: பிரேக் யார் கணக்கில்?

தகப்பனார் காலத்து ஜீப்பில் பின்கட்டு கட்டி லோடு அடித்த பிக்கப் வண்டியை விற்க மனம் வராத உறுப்பினர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. முதல் மூட்டை சர்க்கரை வந்து இறங்கிய வண்டியை எடைக்குப் போட யாருக்குத்தான் கை வரும்? ஆனால் அந்த வண்டிக்கு இப்போது பட்டறைகளில் நடக்கும் வைத்தியம் குறித்து நாம் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

வண்டி ஓடமாட்டேன் என்கிறது, சாலையில் எல்லோரும் முந்திப் போகிறார்கள் என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. உடனே மெக்கானிக், புதுப்பேட்டையில் வேறொரு வண்டியின் பின் அச்சை ஹவுசிங்கோடு வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார். மாட்டலாம்தான். யூ போல்ட் உட்காரும் இடத்தை மாற்றி வெல்டிங் செய்து, புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டி நீளம் சரிசெய்து, இரண்டு நாளில் வண்டியை வெளியே விட்டுவிடுவார்கள். அதன் பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை.

பழைய வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பில் கிரவுன் பினியன் விகிதம் 5.38. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 5.38 சுற்றுச் சுற்ற வேண்டும். மெதுவாகப் போகும், ஆனால் மேட்டில் மூட்டையோடு ஏறும். அதை எடுத்துவிட்டு 4.11 விகித அச்சைப் போட்டால், முன்பு 40 கி.மீ. போன அதே எஞ்சின் சுற்றில் வண்டி 52 கி.மீ. போகும். உரிமையாளருக்கு மகிழ்ச்சி. ஆனால் இழுவையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியானால் முன் அச்சையும் அதே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த லீவரைப் போட்டவுடன் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

இதைவிட மோசமான சங்கதி மீட்டர். அதற்கான கேபிள் அச்சிலிருந்து வருவதில்லை. அதற்கு முன்னாலுள்ள டிரான்ஸ்பர் பெட்டியிலிருந்து வருகிறது. ஆகவே வண்டி 52-ல் ஓடும்போதும் மீட்டர் 40 என்றே காட்டும். முத்திரை இல்லாத எடைக்கல்லை நம்மில் யாரும் தராசில் வைக்கமாட்டோம். இந்த மீட்டரை மட்டும் எப்படி நம்புகிறோம்? 40-ல் வரும் வண்டியை நிறுத்துவதைவிட 52-ல் வரும் வண்டியை நிறுத்த பிரேக் தாங்க வேண்டிய சூடு சுமார் 1.7 மடங்கு. தாங்கப்போவதோ அதே 9 அங்குல டிரம்.

சரி, பிரேக்கையும் மாற்றுவோம் என்று கிளம்புகிறவர்கள் செய்வது இன்னொரு தவறு. வாங்கிய அச்சோடு பெரிய டிரம் வந்துவிட்டது என்று, முன்னால் பழைய 9 அங்குலமும் பின்னால் 11 அங்குலமுமாக ஓட்டுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பிக்கப்பில் பின்புறம் ஏற்கெனவே இலேசு. அங்கே பிடிப்பு மிகுந்தால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சுற்றிவிடும். மழை பெய்த சாலையில் கேட்கவே வேண்டாம்.

நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்தது இதுதான். லோடோடு போகும்போது ஒன்றும் ஆகவில்லை, காலி வண்டியில் திரும்பும்போதுதான் புளியமரத்தைப் பார்த்து நின்றது. டிரைவருக்குக் கையில் கட்டு. ஆண்டவன் புண்ணியம், அவ்வளவோடு போயிற்று.

மாஸ்டர் சிலிண்டர் விஷயமும் உண்டு. பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஓரிடத்தில் ஒழுகினால் பெடல் தரை வரை போய்விடும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரட்டை வழி சிலிண்டர் போடுவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பழைய அச்சு வாங்கினால் சீலையும் பேரிங்கையும் மாற்றாமல் ஏற்றாதீர்கள். அச்சு ஆயில் லைனிங்கில் இறங்கினால் எந்த டிரம்மும் பிடிக்காது.

சட்டத்தையும் மறக்கலாகாது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பெரிய அச்சு போட்டதால் பத்து மூட்டை கூட ஏற்றலாம் என்று எண்ணுவோர் கவனிக்க: ஏற்றும் எடை ஆர்.சி.யில் உள்ளதுதான், அச்சில் உள்ளதல்ல. விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2021-இல் வந்த அந்த விதி 50 ஆண்டு கடந்த, அசல் நிலை மாறாத, சொந்த உபயோக வண்டிகளுக்கானது. அந்தப் பதிவை வைத்துக்கொண்டு வாடகைக்கோ கடைச் சரக்குக்கோ ஓட்ட முடியாது.

ஆகவே மாற்றப் புறப்படுமுன் ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பழுதான அச்சுக்குப் பதில் அதே விகிதத்தில் அதே அச்சு கிடைத்தால் அதையே போடுங்கள். தினசரி லோடுக்கு வேறு வண்டி பாருங்கள். புளியமரத்தைப் பார்த்து வந்த நம் உறுப்பினரும் இப்போது 5.38 அச்சைத் தேடிக்கொண்டிருக்கிறார். தன் கையால் எடைக்குப் போட்ட பழையது எந்தக் கடையில் கிடக்கிறதோ என்று எங்களையும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்.