பக்கவாட்டில் ஒரு பயணம்

மேற்கு மாம்பலத்தில் மழை பெய்தால் மூன்று விஷயங்கள் நிச்சயம். லேக் வியூ ரோடு தன் பெயருக்கு நியாயம் செய்யும் (அங்கே நிஜமாகவே ஏரி இருந்தது. 1920-களில் தூர்த்து தியாகராய நகர் கட்டினார்கள். தண்ணீருக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை). ஆட்டோக்காரர் ஆகாயத்தைப் பார்த்துக் கட்டணம் சொல்வார். மூன்றாவதாக, என்னைப் போல் ஒரு ஆசாமி, "தூறல்தானே, என்ன ஆயிடப் போறது" என்று ஸ்கூட்டரை எடுப்பார்.

போன மழைக்கு எடுத்தேன். பின் ஸீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள். ஏழு மணிக்கு டியூஷன். ஒரு தெருமுனையில் திரும்பினேன். வேகம் இருபதைத் தாண்டியிருக்காது. குறுக்கே நாய். பிரேக் பிடித்தேன்.

அப்புறம் நடந்ததை விஞ்ஞானபூர்வமாகச் சொல்கிறேன். ஹாண்டில் நேராக இருந்தது. நான் நேராக இருந்தேன். வண்டி மட்டும் பக்கவாட்டில் போயிற்று. மூன்று பேரும் (நாயைச் சேர்க்கவில்லை) தரையில். எதிரே வந்த தண்ணீர் லாரி கிறீச்சிட்டு நின்றது. மகளின் பள்ளிக்கூடப் பைக்கும் லாரிச் சக்கரத்துக்கும் நடுவே இரண்டடி இருந்தது. பையின் வார் அவள் தோளிலேயே இருந்தது.

முழங்கையில் சிராய்ப்பு, சீருடையில் சேறு. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்ற வார்த்தையைச் சொல்லத்தான் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

மறுநாள் மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். டயரைத் தடவிப் பார்த்தான். என் தலையைப் பார்த்தான். மறுபடி டயரைப் பார்த்தான்.

"ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல சார்" என்றான்.

"ஆறு மாசமா நல்லாத்தானேப்பா ஓடிச்சு?"

"வெயில்ல ஓடும் சார். மழையிலதான் தெரியும்."

இந்த ஒரு வரியில் ஒரு பெரிய பௌதிகம் இருக்கிறது. அதைத் தேடிப் போனபோது பனி தேசம் வரை போகவேண்டியதாயிற்று.

முன்பக்கம் வழுக்கிக்கொண்டு போகவேண்டும், ஆனால் பக்கவாட்டில் வழுக்கக் கூடாது. இந்தத் தலைவலி முதலில் பனிவண்டிக்காரர்களுக்குத்தான் வந்தது. பனிவண்டிக்குச் சக்கரம் கிடையாது, அடியில் இரண்டு நீளமான சறுக்குச் சட்டங்கள்தான். அவை தட்டையாக, வழவழப்பாக இருந்தால் ஜோராகச் சறுக்கும். சங்கடம் என்னவென்றால் வழவழப்புக்குத் திசை தெரியாது. முன்னால் எவ்வளவு சுலபமாகப் போகிறதோ அவ்வளவு சுலபமாகப் பக்கத்திலும் போகும். சரிவில் திரும்பினால் வண்டி ஒரு பக்கம், பிரயாணி ஒரு பக்கம்.

அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கம் சாமுவேல் லீட்ஸ் ஆலன் என்று ஒருவர். தொழில், விதைக்கிற கருவி முதலான விவசாயச் சாமான்கள் செய்வது. குளிர்காலத்தில் யார் விதைப்பார்கள்? பாக்டரி ஈயோட்டும். அந்த மாதங்களில் விற்க ஒரு சரக்கு வேண்டுமென்று யோசித்து, 1889-ல் 'பிளெக்ஸிபிள் பிளையர்' என்ற பனிவண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். சட்டங்கள் எஃகு. முன்னால் உள்ள குறுக்குக் கட்டையைத் திருப்பினால் சட்டமே வளைந்து கொடுக்கும். பிற்பாடு வந்த பனிவண்டிகளில் சட்டத்தின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் போட்டார்கள். பள்ளத்தின் இரண்டு ஓரங்களும் பனியைக் கத்தி மாதிரிக் கவ்விக்கொள்ளும். முன்னால் போவதற்குத் தடையில்லை. பக்கவாட்டில் நகர நினைத்தால் ஓரம் பனியில் பதிந்து, "எங்கே புறப்பட்டாய்?" என்று கேட்கும்.

ஐஸ் ஸ்கேட்டிங் ஷூவின் கத்தியைப் புரட்டிப் பார்த்தால் அங்கேயும் இதே பள்ளம், இதே இரண்டு ஓரம். பனிச்சறுக்குப் பலகைக்கு 1920-களில் ஆஸ்திரியாவின் ருடால்ஃப் லெட்னர் விளிம்பில் எஃகுப் பட்டை வைத்தார். அதற்கு முன்னால் வெறும் மரம். கெட்டிப் பனியில் மரவிளிம்பு மழுங்கிப்போய் ஆளைச் சரிவோடு அனுப்பிவிடும்.

நம்மவர் ஒருவரும் இந்த வித்தையில் உண்டு. மணாலி பக்கம் வஷிஷ்ட் கிராமத்தைச் சேர்ந்த சிவ கேசவன். 'லூஜ்' என்ற விளையாட்டு. மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டி, ஒரு சின்னப் பனிவண்டியில் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் இறங்குவது. பிரேக் கிடையாது. 1998-ல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்ஸில் இறங்கியபோது அவருக்கு வயது 16. 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்ஸ். நம் ஊரில் லூஜ் பாதை ஏது? வண்டிக்குச் சக்கரம் மாட்டி, இமயமலை ரோட்டில் லாரிக்கும் ஆட்டுக்கும் நடுவே இறங்கிப் பழகினார். 2011-ல் அதே நகானோவில் ஆசிய சாம்பியன். அந்த வேகத்தில் அவரைப் பாதையில் பிடித்து வைப்பது இரண்டு எஃகுச் சட்டங்களின் ஓரம்தான்.

இதெல்லாம் குளிர்தேசத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். பாய் கட்டி ஓடிய நாளில் நம் கட்டுமரக்காரர்களுக்கும் இதே பிரச்னைதான். காற்று பக்கத்திலிருந்து அடித்தால் மரம் மொத்தமாக ஒருபக்கம் ஒதுங்கும். ஒரு பலகையைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்குவார்கள். முன்னால் போவதை அது தடுக்காது, பக்கவாட்டில் ஒதுங்குவதைத் தடுக்கும். மாம்பலம் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டிக்காக நிற்கும்போது தண்டவாளத்தில் சக்கரத்தைப் பாருங்கள். உள்பக்கம் ஒரு சின்ன விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். வண்டி தண்டவாளத்தை விட்டு ஒதுங்கிவிடாமல் கடைசிக் காவல் அதுதான்.

எல்லாவற்றிலும் ஒரே சூத்திரம். முன்னே விடு, பக்கத்தில் மறி. மறிக்கிற சமாசாரமும் ரொம்பச் சின்னது. ஒரு ஓரம், ஒரு பள்ளம், ஒரு பலகை. அது இருக்கும்வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்போது டயருக்கு வருவோம். டயரில் உள்ள பள்ளம் ரோட்டைக் கவ்விப் பிடிக்கத்தான் என்று நானும் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். தப்பு. காய்ந்த ரோட்டில் பிடிப்பைத் தருவது ரப்பர்தான். பார்முலா ஒன் பந்தயக் கார்களுக்குக் காய்ந்த நாளில் பள்ளமே இல்லாத மொட்டை டயர்தான் போடுகிறார்கள். மழை வந்தால்தான் ஓடி வந்து பள்ளம் வைத்த டயராக மாற்றுவார்கள். பள்ளத்தின் வேலை, சக்கரத்தடியில் உள்ள தண்ணீருக்கு வெளியே போக வழி விடுவது. தண்ணீர் விலகினால்தான் ரப்பர் ரோட்டைத் தொடும். வழி இல்லையென்றால் ரப்பர் தண்ணீர் மேல் உட்கார்ந்திருக்கும். அதாவது, உங்கள் ஸ்கூட்டர் பனிவண்டி ஆகிவிடும். பள்ளம் போடாத பனிவண்டி.

மெக்கானிக் சொன்னது இதைத்தான். மொட்டை டயர் வெயில் காலம் முழுக்க ரொம்ப யோக்கியமாக நடந்துகொள்ளும். முதல் மழையில்தான் காலை வாரும். அதுவும் முதல் மழை மகா மோசம். மாசக்கணக்கில் ரோட்டில் சொட்டிய எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து, தெருவுக்கே விளக்கெண்ணெய் பூசின மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு ரகசியம். டயரின் பிடிப்பு நம் சம்பளம் மாதிரி. ஒரே தொகை. திரும்புவதற்கும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும், பிரேக்குக்கும் அதிலிருந்துதான். மழையில் சம்பளமே பாதி. நான் தெருமுனையில் திரும்பிக்கொண்டே பிரேக்கையும் அழுத்தியது, இருபத்தைந்தாம் தேதி வாடகையும் ஸ்கூல் பீஸும் ஒன்றாகக் கட்டுவதற்குச் சமானம். செக் திரும்பிவிட்டது.

ஆகவே, நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, அப்புறம் திரும்புங்கள். ஈர ரோட்டில் சாக்கடை மூடிமேலும், பெயிண்ட் அடித்த வெள்ளைக்கோடு மேலும் திரும்பாதீர்கள், பிரேக்கும் பிடிக்காதீர்கள். புது டயருக்கே அங்கே ஜம்பம் சாயாது. 2019 ஏப்ரலில் 125 ஸி.ஸி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. நல்ல விஷயம். சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் இல்லாத பிடிப்பை அதனால் உற்பத்தி செய்ய முடியாது.

கடைசியாக, இன்றைக்கு ஆபீஸ் விட்டதும் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் குனிந்து பாருங்கள். டயரின் பக்கவாட்டில் 'டி.டபிள்யூ.ஐ.' என்ற பொடி எழுத்தோ, சின்ன அம்புக்குறியோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு. டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டதென்றால் டயரின் ஆயுசு முடிந்தது. பார்க்க அரை நிமிஷம். நான் ஆறு மாசமாகப் பார்க்கவில்லை.

செல்போன் கண்ணாடியில் கீறல் விழக்கூடாதென்று நானூறு ரூபாய் கொடுத்து அதன்மேல் இன்னொரு கண்ணாடி ஒட்டியவன் நான். "டயர் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று ஆறு தடவை சொன்னவனும் நான்தான்.

இரண்டு டயரும் மாற்றியாயிற்று. மகள் ஒரு வாரம் டியூஷனுக்கு நடந்தே போனாள். எட்டாம் நாள் மழை. வண்டியை எடுத்தேன். அவள் உடனே ஏறவில்லை. குனிந்து, பின் டயரின் பள்ளத்தில் விரலை வைத்து ஒரு சுற்று தடவிப் பார்த்தாள்.

"சரிப்பா, போலாம்" என்றாள்.

அவள் டயரைத்தான் சோதித்தாள் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.