மேசைமேல் ஒரு ஹெலிகொப்டர்



சமையலும் தையலும் பிள்ளைகளின் படிப்பும் எழுதி வரும் இந்தப் பக்கத்தில் இம்மாதம் போர் ஹெலிகொப்டரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் சிரிப்பீர்கள். விஷயத்தைக் கேளுங்கள். ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். மகனுக்கு 13 வயது. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்து, மலைகள் சரிந்து, பாதைகள் அறுந்து கிடந்த நாட்களில் தலைக்கு மேலே பறந்த ஹெலிகொப்டர்களைப் பார்த்ததிலிருந்து பையனுக்கு வேறு பேச்சே இல்லையாம். கட்டாரில் வேலை செய்யும் அவனுடைய மாமா லீவில் வரும்போது, துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் ஹெலிகொப்டர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் பிரச்சினை!

அந்தச் சகோதரியின் மாமி யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் ஒருவர். அதற்கு முந்திய காலத்தில் 'ஹெலி' சத்தம் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடி ஒளிந்தவர். "அந்தச் சாமானை வீட்டுக்குள்ளே வைக்காதே" என்கிறாராம். கணவரோ, "இது இஸ்ராப், காசைக் கரியாக்குகிற வேலை" என்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், "உருவம் செய்வது கூடாதே" என்று ஒரு சந்தேகத்தையும் கிளப்பிவிட்டுப் போயிருக்கிறார். பாவம், தாய் என்ன செய்வார்?

மார்க்க விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் பெரிய சிக்கல் இல்லை. உயிருள்ளவற்றின் உருவத்தைப் பற்றித்தான் கண்டிப்பு. படம் வரைந்து பிழைத்த ஒருவரிடம் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள், மரத்தையும் உயிரில்லாத பொருட்களையும் வரைந்துகொள்ளலாம் என்று சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களில் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், அதைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் அபூதாவூதில் காணலாம். ஹெலிகொப்டருக்கு உயிரில்லை. பெட்டிக்குள் விமானியின் சிறு பொம்மை இருந்து, அது உங்கள் மனதுக்கு ஒவ்வாவிட்டால் ஒட்டாமல் விட்டுவிடலாம். தரையில் நிற்கும் ஹெலிகொப்டரில் ஆள் இல்லாமல் இருப்பதுதானே இயல்பு!

மாமியின் விஷயம்தான் கனமானது. அவர் சொல்வதைப் 'பழைய காலத்துப் பயம்' என்று தள்ளிவிடாதீர்கள். பையனின் பெட்டியில் யூஎச்-1என் என்று எழுதியிருக்கிறதாம். அது பெல் 212 என்ற ஹெலிகொப்டரின் இராணுவ வடிவம். 1980களில் இலங்கை விமானப்படை துப்பாக்கி பொருத்தி வடக்கில் பறக்கவிட்டதும் பெல் 212தான். மாமியின் காதில் இன்னும் இருப்பது அந்தச் சத்தம். அதே பெல் 212தான் தித்வா வெள்ளத்தில் நிவாரண வேலைக்கும் போனது. 2025 நவம்பர் 30இல் லுணுவிலவுக்கு அருகில் அப்படிப் போன ஒன்று விழுந்து, அதன் விமானி உயிரைக் கொடுத்தார். இந்திய விமானப்படையின் மி-17 ஹெலிகொப்டர்கள் கொத்மலைப் பக்கத்தில் சிக்கிக் கிடந்தவர்களை ஏற்றிச் சென்றன. பேத்தியாரும் பேரனும் பார்த்தது ஒரே இயந்திரத்தை. இருவரும் பார்த்தது உண்மை.

ஆகவே என் யோசனை இது. பையனையே மாமியிடம் அனுப்புங்கள். "உங்களுக்கு விருப்பமில்லை என்றால் செய்யமாட்டேன், ஆனால் இதைத் துப்பாக்கி இல்லாமல், ஆட்களைக் காப்பாற்றுகிற ஹெலியாகச் செய்யலாமா?" என்று அவன் வாயால் கேட்கட்டும். யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று மாமி சொன்னால் உட்கார்ந்து கேட்கட்டும். அவர் சம்மதிக்காவிட்டால் பெட்டி அலமாரியில் சில மாதம் இருக்கட்டும். பிளாஸ்டிக் கெட்டுப்போகாது.

மலைநாட்டவர்களுக்கு வானூர்தி என்றால் இன்னொரு நினைவும் உண்டு. 1974 டிசம்பர் 4இல் இந்தோனேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட 182 பேரையும் 9 பணியாளர்களையும் ஏற்றி வந்த டீசீ-8 விமானம் மஸ்கெலியாவுக்கு மேலே சப்த கன்னி மலையில் மோதி, 191 பேரும் ஷஹீதானார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. மலையும் மழையும் மூடுபனியும் சேர்ந்த இந்த வானத்தில் பறப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பையனுக்கு விளக்க இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

சரி, மாமி சம்மதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இனி வேலை.

பெட்டியில் 1/72 என்று இருந்தால், நிஜத்தைவிட 72 மடங்கு சிறியது என்று பொருள். பெல் 212இன் மேல் விசிறி முனைக்கு முனை ஏறத்தாழ 14.6 மீட்டர், மேசையில் அது 20 சென்டிமீட்டர் வரும். 160 சென்டிமீட்டர் உயரமான நீங்கள் இந்த அளவில் 2.2 சென்டிமீட்டர்தான்! கணக்குப் பாடம் கசக்கிற பிள்ளைக்கு இது நல்ல மருந்து.

துண்டுகளை முதலில் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சில் வார்க்கும்போது பூசிய எண்ணெய் இருந்தால் வர்ணம் பிடிக்காது. துண்டுகளைச் சட்டத்திலிருந்து கையால் முறுக்கிப் பிய்க்காமல் நகவெட்டியால் வெட்டட்டும். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்க்கட்டும். ஹெலிகொப்டரில் ஒரு விசேஷம்: கண்ணாடியும் கதவும் பெரிது, உள்ளே எல்லாம் தெரியும். ஆகவே உள்பக்கத்துக்கு வர்ணம் பூசி, ஆசனங்களை வைத்த பிறகுதான் உடலின் இரு பாதிகளையும் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு முதலில் உடலை ஒட்டிவிட்டால் பிறகு தூரிகை உள்ளே போகாது.

பசை விஷயத்தில் தாய்மார் கவனமாக இருக்க வேண்டும். இந்தப் பெட்டிகளுக்கான பசை பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்து ஒன்றோடொன்று உருக்கிச் சேர்க்கிறது. அதன் ஆவி தலைவலி தரும், தீயும் பற்றும். ஹட்டன், நுவரெலியா குளிரில் நாம் ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்படியில் கூடுகிறவர்கள். அதனால் இந்த வேலை அடுப்படியில் கூடவே கூடாது. வெயில் ஏறிய நேரத்தில், ஜன்னல் ஓரத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யட்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தையும் இழுப்பு நோய் உள்ளவர்களும் அந்த அறையில் வேண்டாம். கண்ணாடித் துண்டுகளுக்கு 'சுப்பர் குளூ' போடவே வேண்டாம். அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் படிந்துவிடும். பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசையே போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும்.

இணைப்புக் கோடுகளைப் 'புட்டி' வைத்து நிரப்பி, மெல்லிய சேண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. இன்னொன்று, நம் ஊர் ஈரக்காற்று. மழை நாளில் மெருகு ஸ்பிரே அடித்தால் மேலே வெண்பூச்சாக மங்கிப்போகும். காய்ந்த நாளாகப் பார்த்து, மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசுவதே நல்லது. ஒரே தடவையில் கட்டியாகப் பூசினால் ஓரமெல்லாம் வழியும்.

இனி மேம்படுத்துவது. எனக்கு இதில்தான் ரசனை, ஏனென்றால் இங்கே பெட்டியின் காசு முடிந்து பிள்ளையின் மூளை தொடங்குகிறது. தேயிலைப் பைக்கற்றின் உள்ளே இருக்கும் வெள்ளித்தாளை மெல்லிய கீற்றாக வெட்டினால் ஆசனப் பட்டி தயார். பெல் 212க்கு இரட்டை இயந்திரம் என்பதால் பின்னால் இரண்டு புகைக்குழாய்கள் இருக்கும். அவை பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்தால் ஊசி முனையால் மெதுவாகக் குடைந்து குழிவாக்கலாம். விமானிகளின் தலைக்கு மேலுள்ள சிறு கண்ணாடிகள் பச்சை நிறம்; உள்பக்கம் மெல்லிய பச்சை வர்ணம் தொட்டால் போதும். நிற்கும் ஹெலிகொப்டரின் விசிறி இதழ்கள் தம் பாரத்தால் சற்றே தாழ்ந்திருக்கும், பெட்டியிலோ அவை அளவுகோல் போல நேராக வரும். வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, விரலால் இலேசாக வளைத்து, குளிர்ந்த நீரில் போட்டுவிடுங்கள். வெந்நீர் வேலை மட்டும் உங்கள் கையால் நடக்கட்டும்.

துப்பாக்கியும் ரொக்கெட் குழல்களும் இருந்தால் அவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, பக்கக் கதவைத் திறந்தபடி ஒட்டி, கதவோரம் சிறு பிளாஸ்டிக் துண்டால் ஒரு தூக்குச் சில்லு அமைத்து, மெல்லிய தூண்டில் நரம்பைக் கீழே தொங்கவிடலாம். புட்டியை உருட்டினால் அரிசி மூட்டை. பழைய வேட்டித் துண்டை வெட்டி மடித்தால் போர்வைக் கட்டு. கதவுக்குள் இவை தெரியும்போது அது போர்ச் சாமானாகத் தோன்றாது. பெட்டியில் வரும் தண்ணீர் ஸ்டிக்கர்கள் வெளிநாட்டுப் படைகளுடையவை. நம் நாட்டு அடையாளம் வேண்டுமென்றால் புகைப்படத்தைப் பார்த்து நுண்ணிய தூரிகையால் வரைந்துகொள்ள வேண்டியதுதான்.

அடுத்து மி-17 செய்ய ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. பழைய மி-8க்கு வால் விசிறி வலப்பக்கம், மி-17க்கு இடப்பக்கம். இந்தியா அனுப்பிய மி-17 வி5க்கு மூக்கும் நீண்டிருக்கும், பின்னால் சாய்வுக் கதவும் உண்டு. பெட்டிப் படத்தைப் பார்த்து வாங்காமல், உள்ளே எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்.

காசைப் பற்றிக் கணவருக்கு ஒரு வார்த்தை: ஒரு பெட்டியை ஒழுங்காகச் செய்தால் பல வாரம் ஓடும். அதுவரை அடுத்த பெட்டி இல்லை என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பாங்கு சொன்னால் பசை மூடியை இறுக்கிவிட்டுத் தொழுகைக்கு எழ வேண்டும். மூடாத பசை காய்ந்துபோகும் என்பதால் அவனே மறக்கமாட்டான்!

மேல் விசிறியை ஒட்டாமல் செருகி மட்டும் வைத்தால் தூசி தட்டும்போது முறியாது. மாமாவுக்குக் கடிதம் எழுதும்போது ஒன்றைக் குறிப்பிடுங்கள்: தீப்பற்றும் எனாமல் வர்ணத்தையும் தின்னரையும் பசையையும் பயணப் பெட்டியில் கொண்டுவர விமானத்தில் விடமாட்டார்கள். தூரிகையும் பெட்டியும் அங்கிருந்து வரட்டும். மற்றதைக் கொழும்பில் தேடிக்கொள்ளலாம்.

மாமி என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், சகோதரி. இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.