உடைந்த மட்டைகளில் ஒரு நாற்காலி

ஓய்வு பெறுகிறவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள், கடிகாரம் தருவார்கள். 2013இல் மினசோட்டா ட்வின்ஸ் அணி மரியானோ ரிவேராவுக்குக் கொடுத்ததோ, உடைந்த பேஸ்பால் மட்டைகளால் செய்த ஆடும் நாற்காலி. எதிரணியின் குறும்புதான், ஆனால் இதைவிடப் பொருத்தமான பரிசு கிடையாது. கடைசி இன்னிங்ஸில் பந்து வீச வந்து முன்னிலையைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் நியூயார்க் யாங்கீஸில் அவர் வேலை. அப்படிக் காப்பாற்றியது 652 ஆட்டங்களை. பனாமாவின் மீனவ கிராமத்திலிருந்து வந்தவரிடம் இருந்த சரக்கு ஏறக்குறைய ஒரே ஒரு பந்து, 'கட்டர்'. 1997இல் சக வீரரோடு எறிந்து பிடித்துப் பழகும்போது அதுவாகவே வளையத் தொடங்கியதாம். நேராக வருவதுபோல் வந்து, கடைசி நொடியில் இடக்கை ஆட்டக்காரரின் உடம்புப் பக்கம் நகரும். மெலிந்த கைப்பிடியில் பட்டு மரம் பிளக்கும். 1999 உலகத் தொடரில் எதிரணியின் ரயன் கிளெஸ்கோ ஒரே முறை ஆட வந்ததில் மூன்று மட்டைகளைப் பறிகொடுத்தார். வரப்போவது இன்ன பந்து என்று ஊருக்கே தெரியும், அடிக்கத்தான் முடியாது! அந்தப் பந்தே 2001 உலகத் தொடரில் காலை வாரியது. ஏழாவது ஆட்டம், அரிசோனாவின் லூயிஸ் கொன்சாலஸின் மட்டையில் சரியாகப் படாமல் மெல்ல எழும்பிய பந்து, முன்னே நெருங்கி நின்ற யாங்கீஸ் வீரர் டெரெக் ஜீட்டரின் தலைக்கு மேலாகப் போய்ப் புல்லில் விழுந்தது. கோப்பை அரிசோனாவுக்குப் போனது.