மனசாட்சி உறுத்தினால் மட்டும் போதுமா?

தமிழ் சினிமா பழக்கிவிட்ட வார்த்தை 'சைக்கோ'. தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவரும் சைக்கோ, சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கும் வில்லனும் சைக்கோ! இரண்டும் ஒன்றே அல்ல. முதலாமவருக்கு இருப்பது மனச்சிதைவு நோயாக இருக்கலாம். எது நிஜம் என்பதிலேயே குழப்பம். அவரை வில்லனோடு சேர்ப்பது பெரிய அநியாயம்.

சோசியோபாத் என்று சொல்லப்படுபவனுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. (மருத்துவர்கள் 'சமூக விரோத ஆளுமைக் கோளாறு' என்பார்கள். இவர்கள் எல்லோரும் கொலைகாரர்களும் அல்ல.) எது சரி, எது தப்பு என்று பரீட்சை வைத்தால் பாஸ் செய்துவிடுவான். தப்பு செய்தால் உறுத்தாது, அவ்வளவுதான்.

உறுத்தலே இல்லாதவனைக் குறை சொல்வது எப்படி நியாயம் என்று சிலர் கேட்கிறார்கள். கண் தெரியாதவரிடம் நிறம் கேட்பது மாதிரிதானே?

இல்லை. நெதர்லாந்தில் செய்யப்பட்டு 2013-ல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். சைக்கோபதி உள்ள குற்றவாளிகளை ஸ்கேனரில் படுக்கவைத்து, ஒரு கை இன்னொரு கையை அடிப்பது போன்ற வீடியோக்களைக் காட்டினார்கள். சும்மா பார்க்கும்போது, பிறர் வலியை உணரும் மூளைப் பகுதிகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வேலை செய்தன. 'அவர்கள் உணர்வதை நீங்களும் உணர முயலுங்கள்' என்றதும் அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. அதாவது, திறன் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. தானாக வேலை செய்வதில்லை.

சரி, தானாக உறுத்துகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? 1960-களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனை பிரபலமானது. தப்பான பதில் சொல்லும் ஆளுக்கு மின்சார ஷாக் கொடுக்க வேண்டும். ஷாக் பொய், ஆனால் கொடுப்பவருக்கு அது தெரியாது. முதல் சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்சான 450 வோல்ட் வரை போனார்கள். எல்லோரும் சாதாரண மனிதர்கள். பலருக்கு வியர்த்தது, கை நடுங்கியது. மனசாட்சி நன்றாகவே உறுத்தியிருக்கிறது! 'தொடருங்கள்' என்று ஒருவர் சொன்னதும் கை சுவிட்சுக்குப் போய்விட்டது.

ஆக, ஒழுக்கத்தை முழுக்க உறுத்தலிடம் ஒப்படைக்க முடியாது. உறுத்தல் அலாரம் மாதிரி. சிலருக்கு அடிப்பதே இல்லை. பலர் அணைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். எழுந்திருப்பது தனி வேலை. அலாரம் அடிக்காதவனிடமும் சமூகம் அதைத்தான் எதிர்பார்க்கிறது, எதிர்பார்க்கவும் வேண்டும். பிறருக்கு வலிக்கும் என்பது அவனுக்கும் தெரியும். கையை எடுக்க அது போதும்.