கடல் கடந்த பொருளியற் கல்வி: பற்றா, வரவா?

ஆண்டுதோறும் ஆவணி, புரட்டாசித் திங்கள்களில் சென்னை வானூர்தி நிலையத்தின் வாயிலில் ஒரு காட்சியைக் காணலாம். வணிக மேலாண்மையோ பொருளியலோ கற்க இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் பிள்ளைகள் ஒருபுறம். கண்கலங்கி நிற்கும் பெற்றோர் மறுபுறம். பிரித்தானியாவின் பேர்பெற்ற கல்வி நிலையங்களில் ஓராண்டு முதுநிலைப் பொருளியற் படிப்புக்கு அயல்நாட்டு மாணவர் செலுத்தும் கட்டணம் மட்டுமே 30,000 பவுனைத் தாண்டுகிறது. உருபாக் கணக்கில் 30 இலக்கத்துக்கு மேல். உண்டியும் உறையுளும் தனி. இதற்காக வீட்டின் ஆவணம் வைப்பகத்தின் பேழைக்குள் போகிறது. வட்டியின் இயல்பைக் கற்கப் போகும் பிள்ளைக்காகத் தந்தை முதலில் வட்டி கட்டத் தொடங்குகிறார்!

செல்வது குற்றமன்று. கடலைக் கண்டு அஞ்சிய இனமன்று தமிழினம். அறிவு எத்திசையில் இருப்பினும் சென்று கொள்ளத் தக்கதே. கேட்க வேண்டிய கேள்வி வேறு. சென்றவர் எந்த வினாவை நெஞ்சில் ஏந்திச் சென்றார்? கற்றதை எந்த மொழியில் யாருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்? இவ்விரண்டும் இல்லாவிடில் அக்கல்வி ஒருவரின் பிழைப்புக்கு உதவலாம்; ஓர் இனத்தின் கணக்கில் அது பற்றாக எழுதப்படுமேயன்றி வரவாகாது.

இதனைச் செய்து காட்டிய நாடு சப்பான்.

1868-ஆம் ஆண்டு சூலை 4-ஆம் நாள், இன்று தோக்கியோ எனப்படும் நகரில் உவேனோ என்னுமிடத்தில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பீரங்கி முழக்கம் நகரெங்கும் கேட்டது. அந்நேரத்தில் புகுசாவா யூகிச்சி என்பார் தம் பள்ளியில் மாணவரை அமர்த்தி, வேலாந்து என்னும் அமெரிக்கரின் பொருளியல் நூலைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் அயல்நாட்டுப் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். 1860, 1867 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவுக்கும், 1862-இல் ஐரோப்பாவுக்கும் அரசுத் தூதுக்குழுக்களோடு சென்று, கண்ணால் கண்டும் நூல் வாங்கியும் கற்றவர். அவர் நடத்திய பள்ளியே இன்றைய கெய்யோ பல்கலைக்கழகம். அப்பாடம் நடந்த நாளை அப்பல்கலைக்கழகத்தார் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

புகுசாவாவின் வாழ்வில் ஒரு சிறு நிகழ்ச்சி. பழைய ஆட்சியின் கருவூல உயர் அலுவலர் ஒருவர், ஆங்கிலப் பொருளியல் நூலொன்றின் பொருளடக்கத்தைப் பெயர்த்துத் தருமாறு அவரைக் கேட்டார். அந்நூலில் வணிகப் போட்டியைக் குறிக்கும் சொல் ஒன்று வந்தது. சப்பானிய மொழியில் அதற்கு நேர்சொல் இல்லை. புகுசாவா எண்ணிப் பார்த்து, முந்துதலைக் குறிக்கும் எழுத்தையும் பூசலைக் குறிக்கும் எழுத்தையும் இணைத்துக் 'கியோசோ' என்னும் சொல்லை அமைத்தார். அலுவலர் முகஞ்சுளித்தார். பூசல் என்பது அமைதிக்கு ஒவ்வாத சொல்லாயிற்றே, இதை மேலிடத்துக்குக் காட்டுவது எப்படி என்றார். வாங்குவோரும் விற்போரும் முந்துவது உலகியற்கை என்று புகுசாவா எடுத்துரைத்தும் பயனில்லை. இறுதியில் அச்சொல்லின் மேல் கருமை பூசி மறைத்துத்தான் தாளை ஒப்படைத்தார். அலுவலரை இன்று அறிவார் இலர். கருமை பூசப்பட்ட அச்சொல்லோ இன்றும் சப்பானியர் அனைவரும் வழங்கும் சொல்லாக நிற்கிறது.

புதுச்சொல் கண்டு நகைப்போர் எந்நாட்டிலும் உண்டு என்பதற்கே இது ஈண்டுக் குறிக்கப்பட்டது. 'பேருந்து' என்று எழுதிய நாளில் சிரித்தவர்களும் அப்படிப்பட்டவர்களே. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் அச்சொல்லைப் படித்துத்தான் வண்டி ஏறுகின்றனர்.

1873, 1874 ஆகிய ஆண்டுகளில் புகுசாவா அமெரிக்கக் கணக்குப் பதிவு நூலொன்றைத் தம் மொழியில் ஆக்கினார். மேனாட்டுக் கணக்குப் பதிவு முறையைச் சப்பானியர்க்கு அவர்தம் மொழியில் காட்டிய முதல் நூல் அதுவே. எண்களைக் கூட மேலிருந்து கீழாகத் தம் மரபெழுத்திலேயே அமைத்தார். பற்றுக்கும் வரவுக்கும் கடன்கொள்ளல், கடன்கொடுத்தல் என்னும் எளிய வீட்டுச் சொற்களையே எடுத்தாண்டார். இன்றைய சப்பானியக் குழுமங்களின் கணக்கேடுகளிலும் அவ்விரு சொற்களே தலைப்பில் நிற்கின்றன.

அந்நாட்டிலும் மறுபக்கம் இருந்தது. மோரி அரினோரி என்னும் சப்பானியத் தூதர் அமெரிக்காவில் இருந்தபோது, தம் மொழி உலக வணிகத்துக்கு உதவாது, ஆங்கிலத்தையே நாட்டுமொழியாக்கலாம் என்று 1872, 1873-ஆம் ஆண்டுகளில் எழுதினார். அதற்கு மறுப்பு எங்கிருந்து வந்தது? இலண்டனிலிருந்து. அங்குச் சட்டம் கற்றுக்கொண்டிருந்த பாபா தத்துயி என்னும் இளைஞர், புகுசாவாவின் பழைய மாணவர், 1873-ஆம் ஆண்டு இலண்டனிலேயே சப்பானிய மொழி இலக்கணம் ஒன்றை வெளியிட்டு, அதன் முன்னுரையில் மோரியின் கருத்தைத் தகர்த்தார். ஆங்கிலம் நாட்டுமொழியானால் அதைக் கற்கும் ஓய்வும் பொருளும் உடையோர் ஒரு வகுப்பாகவும், உழைத்துண்ணும் பெருந்திரளானோர் வேறொரு வகுப்பாகவும் நாடு பிளவுபடும். பொதுச் செய்திகளில் உழைப்பாளர்க்கு இடமே இல்லாமற் போகும் என்பது அவர் வாதம். ஆங்கிலத்தின் தலைநகரில் அமர்ந்துகொண்டு, ஆங்கிலத்திலேயே, தாய்மொழிக்காக எழுதிய அவ்விளைஞரைப் போல் இன்று இலண்டனுக்குச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவரேனும் வேண்டும்.

அதே மோரி 1875-இல் தோக்கியோவில் ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்க ஆசிரியர் ஒருவர் வந்து ஆங்கிலத்தில் பாடம் நடத்தினார். அதன் வளர்ச்சியே இற்றை இத்தோத்துபாசிப் பல்கலைக்கழகம். அங்கே கற்ற புகுதா தோக்குசோ செருமனிக்குச் சென்றார். இலைப்சிக்கிலும் மியூனிக்கிலும் பொருளியல் பயின்றார். மியூனிக்கில் அவருக்கு ஆசான் புகழ்மிக்க பிரெந்தானோ. 1900-ஆம் ஆண்டு அவர் செருமானிய மொழியில் வெளியிட்ட ஆய்வின் பொருள் யாது? செருமனியின் தொழிலோ இங்கிலாந்தின் பணமோ அன்று; சப்பானின் குமுகாய, பொருளியல் வளர்ச்சி! மீண்டபின் தம் மொழியில் கற்பித்தார், தம் மொழியில் எழுதினார், தலைமுறை ஒன்றை உருவாக்கினார். ஆங்கிலத்தை நாட்டுமொழியாக்க எண்ணியவர் நட்ட மரமே தாய்மொழியில் காய்த்தது.

தமிழ்நாட்டார்க்கு இப்படிப்பட்டவர் இலரோ எனின், உளர்.

1892-இல் தஞ்சையில் பிறந்தவர் சே. சி. குமரப்பா. 1912-இல் இலண்டன் சென்று கணக்காய்வு கற்றுப் பம்பாயில் தொழில் நடத்தியவர். மேனாட்டு உடையும் மேனாட்டுப் பெயருமாக வாழ்ந்தவர். 1927-இல் அமெரிக்கா சென்று, சிரக்கியூசுப் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மைப் பட்டமும், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் முதுகலையும் பெற்றார். நியூயார்க்கில் ஒரு கிறித்தவக் கோயிலில், இந்தியா ஏன் ஏழைநாடாக உள்ளது என்று அவர் பேசிய செய்தி நாளிதழில் வந்தது. அதைக் கண்ட பேராசிரியர் செலிகுமன், அரசின் வரவுசெலவு முறையே மக்களின் வறுமைக்கு எங்ஙனம் வித்தாயிற்று என்பதை ஆராயத் தூண்டினார். ஆங்கிலேயர் ஆட்சியின் வரியையும் செலவையும் எண்ணிக் கணக்குப் பார்த்த கணக்காய்வாளர், அக்கணக்கிலேயே தம் வாழ்வின் பாதையைக் கண்டார். 1929-இல் தாயகம் மீண்டார். கார்னீலியசு என்றிருந்த பெயரை விடுத்துக் குமரப்பா என்னும் குடும்பப் பழம்பெயரை மீட்டுக்கொண்டார். மே 9-ஆம் நாள் காந்தியாரைக் கண்டார்.

காந்தியார் அவரிடம் ஒப்படைத்த முதற்பணி குசராத்தில் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருள்நிலையை ஆய்வது. குமரப்பாவுக்குக் குசராத்தி மொழி தெரியாது. குசராத்து வித்தியாபீடத்தின் மாணவரும் ஆசிரியரும் இடையே நின்று உழவரின் சொல்லை அவருக்கு எடுத்துரைத்தனர். கொலம்பியாவில் கற்ற கல்வி, உழவரின் வாசலில் மொழி இல்லாமல் நின்றது! அவ்வுழவர்தம் மொழி வந்து சேர்ந்த பின்னரே அக்கல்வி பயன்பட்டது.

இதில் தமிழர்க்கு ஒரு மனக்குறையும் உண்டு. குமரப்பாவின் தலைசிறந்த நூல்கள் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. பிற்காலத்தில் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960-இல் மதுரையில் மறைந்த அப்பெருமகனாரின் கருத்துகள், அவரைச் சூழ்ந்து வாழ்ந்த உழவர்க்கு மொழிபெயர்ப்பின் வழியாகவே வர வேண்டியிருந்தன. இதற்காக அவரைப் பழிப்பது முறையன்று. அக்காலச் சூழல் அது. ஆயினும் புகுசாவா செய்ததை அவர் செய்திருந்தால் தமிழ்ப் பொருளியல் உரைநடை ஐம்பதாண்டு முந்தியிருக்கும்.

அதே செலிகுமனிடம் குமரப்பாவுக்கு முன்னரே கற்ற மற்றொருவர் அண்ணல் அம்பேத்கர். 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா சென்றவர். ஆங்கிலேயர் ஆட்சியில் மாநிலங்களின் நிதி வளர்ந்த வரலாற்றை அவர் ஆய்ந்தெழுதிய நூல் 1925-இல் செலிகுமனின் முன்னுரையோடு வெளிவந்தது. அதற்கு முன்பே, 1923-இல், இலண்டன் பொருளியல் கல்லூரியில் அவர் செய்த உருபாச் சிக்கல் பற்றிய ஆய்வும் நூலாயிற்று. கல்வி அயல்நாட்டது, வினா தாய்மண்ணினது.

இவ்வரலாறுகளை எண்ணிப் பார்த்த பின் ஒரு செய்தியைப் படித்தால் நெஞ்சு கொதிக்கிறது. தாழ்த்தப்பட்டோர், நிலமற்ற உழவுத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகள் அயல்நாட்டில் கற்க இந்திய ஒன்றிய அரசு வழங்கும் உதவித்தொகைத் திட்டத்தில், 2022-ஆம் ஆண்டு ஒரு விதி சேர்க்கப்பட்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய குமுகவியல் ஆகியவற்றை ஆய்வுப் பொருளாகக் கொள்வோர்க்கு அத்தொகை இல்லை என்பதே அவ்விதி. அவற்றையெல்லாம் உள்நாட்டிலேயே படிக்கலாமாம்! அன்றைய பரோடா மன்னர் இப்படியொரு விதியைக் கையில் வைத்திருந்தால், பழைய இந்திய வணிகத்தைப் பற்றி 1915-இல் கொலம்பியாவில் முதுகலை ஆய்வுரை எழுதிய அம்பேத்கருக்குத் தொகை கிடைத்திருக்குமா? போய்க் கற்றுக்கொள், ஆனால் உன் மண்ணைப் பற்றி அங்கே கேள்வி கேளாதே என்பது கல்வி உதவியா, வாய்ப்பூட்டா?

தமிழில் இக்கலைகளுக்குச் சொல் இல்லை என்போரும் உளர். புகுசாவா இல்லாத சொல்லைப் படைக்க வேண்டியிருந்தது. தமிழர்க்கு அத்துன்பமும் இல்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் பருமாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்த நாளில், பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகிப் பின் மேலாளாக உயர்ந்தான். அவன் எழுதிய பேரேடு தமிழ், ஐந்தொகை தமிழ், பற்றும் வரவும் தமிழ். எந்தப் பல்கலைக்கழகமும் அவனுக்குப் பட்டம் கொடுக்கவில்லை. (1930-களின் விலை வீழ்ச்சியில் கீழ்ப்பருமாவின் நெல்வயல்கள் பெருமளவில் கடனுக்கு ஈடாக அவர்கள் கைக்கு வந்ததும், அந்நாட்டு உழவர் வெகுண்டதும் மறைக்கத் தக்கவை அல்ல. ஈண்டுப் பேசப்படுவது கணக்கின் மொழி. கணக்கின் அறம் தனியே எழுதத் தக்கது.)

அச்சொற்களுள் பேரேடு இன்றும் மேனிலைப் பள்ளிக் கணக்குப் பதிவியல் பாடநூலில் உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பு வரை அதைத் தமிழில் கற்ற மாணவன் கல்லூரி வாயிலைத் தாண்டியதும் ஏன் ஊமையாகிறான்? 1960-இலேயே கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு தொடங்கப்பட்டது. அறுபதாண்டுக்கு மேலாகியும் முதுநிலைப் பொருளியலின் புதிய பகுதிகளைக் கற்க அவன் ஆங்கில நூலையே நாட வேண்டியுள்ளது. அப்பகுதிகளை இலண்டனில் கற்றுத் தேர்ந்த தமிழர் ஒருவர் இருவரல்லர். அவர்களுள் தமிழில் எழுதியவர் விரல்விட்டு எண்ணத் தக்கவரே.

செருமனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் அயல்நாட்டாரிடமும் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. 2017 முதல் ஒரு மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாராத மாணவரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ பெறுகிறது. அங்கே இளநிலைப் பொருளியல் வகுப்புகள் பெரும்பாலும் செருமானிய மொழியில்தான் நடக்கின்றன. அதனால் அந்நாட்டுத் தொழில் சரிந்துவிட்டதாக எவரும் சொல்லக் காணோம். ஆங்கிலம் இல்லையேல் வணிகம் இல்லை என்று முழங்குவோர், செருமானியப் பொறியையும் சப்பானிய ஊர்தியையும் வாங்கும்போது மட்டும் வாய்திறப்பதில்லை!

தமிழ்நாட்டரசும் அயல்நாட்டுக் கல்விக்குப் பொருளுதவி செய்கிறது. அப்பொருள் மக்கள் வரிப்பணம். அதில் சென்று மீள்வோர் ஒவ்வொருவரும் தாம் கற்ற துறையில் ஒரு தமிழ் நூல், சிறியதாயினும், இரண்டாண்டுக்குள் எழுதித் தர வேண்டும் என்று ஒரு நெறி வகுத்தல் அரசுக்கு அரிதன்று. எழுதத் தெரியாது என்போர்க்குத் தமிழாசிரியர் ஒருவரைத் துணை சேர்க்கலாம். சொற்குழப்பம் வருமிடத்தில் இருவரும் அமர்ந்து தீர்த்துக்கொள்வர். அச்சிடும் பொறுப்பைப் பாடநூல் கழகம் ஏற்கலாம். சொந்தப் பணத்தில் சென்றவரை இந்நெறி கட்டுப்படுத்தாது. அவர்களுக்கு அவ்வூர்த் தமிழ்ச்சங்கங்கள் சொல்லட்டும். பொங்கல் விழாவுக்கு ஒதுக்கும் பொழுதில் ஒரு மாலையை, படித்த பாடத்தைத் தமிழில் எடுத்துரைக்க ஒதுக்கினாலும் போதும், கட்டுரைகள் தாமே பிறக்கும். ஒன்றிய அரசின் 2022-ஆம் ஆண்டு விதியை நீக்கக் கோரும் தீர்மானத்தைக் கல்லூரி ஆசிரியர் அமைப்புகள் இவ்வாண்டே நிறைவேற்றித் தில்லிக்கு அனுப்புதல் வேண்டும்.