பக்கத்து வீட்டுக்கும் ஒரு சுற்றறிக்கை வேண்டும்

மதிப்பிற்குரிய விருதுநகர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,



பங்குனி பிறந்துவிட்டால் நம் மாவட்டத்தில் செய்திக்குப் பஞ்சமிருக்காது. விருதுநகர் மாரியம்மன் கோயிலில் பொங்கலுக்குக் கொடியேறும். அக்கினிச் சட்டி நேர்ந்துகொண்டவர்கள் மஞ்சள் உடுத்தித் தெருத் தெருவாக வருவார்கள். சிவகாசியில் மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் முடிந்த கையோடு பத்திரகாளியம்மனுக்குச் சித்திரைப் பொங்கல். பிள்ளைகளுக்குப் பரீட்சை, பெரியவர்களுக்குக் கல்யாண மொய், எல்லோருக்கும் பொதுவாக வெயில்.

போன வாரம் எங்கள் ஊராட்சி அலுவலகத்து அறிவிப்புப் பலகையை நின்று படித்தேன். வீட்டு வரி பாக்கி வைத்திருப்போருக்கு நினைவூட்டல், குடிநீர் விடும் நாட்கள், நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம், திருவிழாவுக்குப் பேருந்துகள் சுற்றிப் போகும் பாதை. எல்லாம் வேண்டிய சங்கதிகள்தாம். அந்தப் பலகையிலிருந்து திரும்பிப் பார்த்தால், சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், வேலியில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. பட்டாசு ஆலை. காலையில் பாதி ஊர் கம்பெனி வேன் ஏறிப் போவது இதைப்போல ஒன்றுக்குத்தான். பலகையில் அதைப்பற்றி ஒரு வரி கிடையாது. அந்த வரியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

ஆலைக்குள்ளே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதை அரசு சொல்லாமல் இல்லை. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இருக்கிறது, 2008ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, அறைக்கும் அறைக்கும் இத்தனை தூரம் வேண்டும், இடிதாங்கி வேண்டும் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. போர்மேன்களுக்குப் பயிற்சி தருகிறீர்கள். விபத்து நடந்த மறுநாளே ஆய்வுக் குழுக்கள் புறப்படுகின்றன. சுற்றறிக்கைகள் உரிமையாளருக்குப் போகின்றன, சங்கங்களுக்குப் போகின்றன. வேலிக்கு வெளியே குடியிருக்கும் எங்களுக்கு மட்டும் எதுவும் வருவதில்லை. ஆனால் வெடித்தால் அது வேலியோடு நிற்பதில்லை.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி பட்டாசு ஆலை. அன்று செத்தவர்கள் 40 பேர் வரை இருக்கும். அவர்களில் கணிசமானோர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கலாம் என்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிப்போனவர்கள், என்ன என்று பார்க்கப் போனவர்கள். முதல் தீ பிடித்த பிறகு, கூட்டம் சேர்ந்த பிறகு, பெரிய வெடிப்பு வந்தது. நல்ல மனசோடு ஓடிய கால்களுக்கு "ஓடாதே, நில்" என்று முன்கூட்டிச் சொல்லிவைக்க ஆளில்லை.

2016 அக்டோபர் 20. சிவகாசி புறவழிச் சாலை. பட்டாசுக் கிட்டங்கியில் வண்டிக்குச் சரக்கு ஏற்றும்போது தீப் பிடித்தது. பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே புகுந்த புகையில் மூச்சு முட்டிச் செத்தவர்கள் குறைந்தது 8 பேர். பட்டாசுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் என்ன அடுக்கியிருக்கிறது என்று யார் யோசிப்பார்கள்?

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வினை என்று சொல்ல மாட்டேன். நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்றொரு நகரம். 2000 மே 13, சனிக்கிழமை மதியம், குடியிருப்புக்கு நடுவே இருந்த வாணவேடிக்கைக் கிட்டங்கி வெடித்தது. 23 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 400 வீடுகள் தரைமட்டம். அங்கேயும் தெருவில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது கூட்டம். தங்கள் தெரு முனையில் இவ்வளவு வெடிமருந்து இருக்கிறது என்பதே குடியிருந்தவர்களில் பலருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்த நாட்டு அரசு ஒரு காரியம் செய்தது. எந்த இடத்தில் என்ன அபாயப் பொருள் இருக்கிறது என்று குடிமக்கள் தாங்களே பார்த்துக்கொள்ளும்படி வரைபடம் போட்டுப் பொதுவில் வைத்தது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு நம் நாட்டிலும், பெரிய அளவில் அபாய வேதிப்பொருள் வைத்திருக்கும் ஆலைகள் சுற்றியுள்ள மக்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 1989இல் விதி வந்தது. நம் கரிசல்காட்டுச் சிறு ஆலைகள் அந்தப் பெரிய கணக்குக்குள் வருவதில்லை. ஆனால் மாவட்டத்தில் இப்படி ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி எத்தனை ஊர்கள் என்று நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் இப்போதே கேட்கிறேன் என்றால், தீபாவளிக்கு வெகுநாள் இருக்கிறது என்று மற்ற ஊர்க்காரர்கள் நினைக்கும் இந்த மாதங்களில்தான் இங்கே அடுத்த தீபாவளிக்கான சரக்கு தயாராகிக்கொண்டிருக்கும். நடந்த வெடி விபத்துகளைப் பாருங்கள்: 2020 மார்ச் 20 சிப்பிப்பாறை. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், 20 பேருக்கு மேல் பலி. அதே மாதம் 25ஆம் தேதி காளையார்குறிச்சி. 2024 பிப்ரவரி 17 இராமுதேவன்பட்டி, 10 பேர். அதே ஆண்டு மே 9 செங்கமலப்பட்டி. மற்ற மாதங்களில் நடக்கவில்லை என்று சொல்லவில்லை. 2025 ஜூலை 1 சின்னகாமன்பட்டியும் நினைவிருக்கிறது. ஆனால் மாசி தொடங்கிச் சித்திரை முடிய வெயிலும் காய்ந்த புல்லும், இடையில் இடியோடு வரும் கோடை மழையும் சேர்ந்துகொள்கின்றன. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். நேற்று மீந்துபோன மருந்தை இன்றைக்கு எடுக்காதே என்று பழைய போர்மேன்கள் அடித்துச் சொல்வது அதனால்தான். நாளைக்கு நாளிதழில் "உராய்வு காரணமாக" என்று இரண்டே சொல்லில் முடிந்துபோகிற விஷயத்துக்குப் பின்னால் இப்படிப் பல காரணங்கள் இருக்கின்றன.

ஆகவே என் வேண்டுகோள்: ஆண்டுதோறும் பங்குனிப் பொங்கலுக்கு முன்னால், பட்டாசு ஆலைகளும் கிட்டங்கிகளும் உள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும், சிவகாசி மாநகராட்சியின் ஒவ்வொரு வார்டிலும், வீட்டுக்கு ஒரு தாள் போய்ச் சேர வேண்டும். இரண்டு பக்கம் போதும். அச்சடிக்க நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. நாட்டுக்கே காலண்டர் அச்சடித்துக் கொடுக்கிற ஊர் நம்முடையது. அதில் என்ன இருக்க வேண்டும் என்று, இங்கே குடியிருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஊர்க் கணக்கு. இந்த ஊராட்சி எல்லைக்குள் எத்தனை ஆலை, எத்தனை கிட்டங்கி, எவற்றுக்கு மத்திய வெடிபொருள் துறையின் நாக்பூர் லைசென்ஸ், எவற்றுக்குச் சென்னை லைசென்ஸ், எவை தங்கள் மாவட்டத்திலேயே ஒரே நேரத்தில் 15 கிலோ வரை வைத்துத் தயாரிக்க அனுமதி பெற்ற, மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ் ஆலைகள், எவற்றின் உரிமம் இப்போது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. இதே பட்டியலை ஊராட்சிப் பலகையிலும் ஒட்டுங்கள். உரிமம் நிறுத்தப்பட்ட ஆலையில் ராத்திரி வெளிச்சம் தெரிந்தால் அதை முதலில் பார்ப்பது பக்கத்துக் காட்டில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்தான். அங்கே வேலை நடக்கலாமா கூடாதா என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனுமதி பெற்றவர் ஒருத்தர், உள்குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் வேறொருத்தர் என்ற கதையும் ஊருக்குத் தெரிந்ததே. தெரிந்ததைச் சொல்ல ஒரு வழி வேண்டும். சொன்னவர் பெயர் வெளியே போகாது என்ற உறுதியும் வேண்டும். புகார் கொடுத்த அன்று சாயங்காலமே "நீதானே சொன்னது?" என்று வாசலில் ஆள் வந்து நிற்கிற ஊரில், அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இரண்டாவது, சத்தம் கேட்டால் என்ன செய்வது. இப்போது நடப்பதைச் சொல்கிறேன். சத்தம் கேட்டதும் எல்லோரும் மாடிக்கு ஓடுவார்கள். எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். "எந்தக் கம்பெனி? எந்தக் கம்பெனி?" என்று போன் மேல் போன். வீட்டுப் பெண் வேலைக்குப் போயிருந்தால் கட்டின துணியோடு வண்டியை எடுத்துக்கொண்டு அங்கேயே போவார்கள். வயதுப் பிள்ளைகள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவார்கள். ஆலைப் பாதையோ ஒற்றை வண்டி போகிற வண்டிப்பாதை. அதில் ஐம்பது பைக் நின்றால் தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே போகும்? தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள்: முதல் சத்தம் கடைசிச் சத்தமாக இருக்க வேண்டியதில்லை, யாரும் பக்கத்தில் போகாதீர்கள், பாதையை விடுங்கள், சன்னலை விட்டு விலகி நில்லுங்கள், 101க்கும் 108க்கும் சொல்லுங்கள். இதோடு தங்கள் பங்கு ஒன்றும் உண்டு. ஓடுகிறவர்கள் ஓடுவது தகவல் கிடைக்காததால். 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணில், அரை மணி நேரத்துக்குள் "இந்த ஆலை, இந்த அறை, இவர்கள் இந்த மருத்துவமனை" என்று பதில் கிடைக்கும் என்றால் பாதிப்பேர் வீட்டிலேயே நிற்பார்கள்.

மூன்றாவது, எங்கள் கையில் இருக்கும் நெருப்பு. காய்ந்த வரப்புக்குத் தீ வைப்பது, ஓடைக்கரையில் குப்பையைக் கொளுத்துவது, பீடித் துண்டை வேலியோரம் வீசுவது எல்லாம் இந்த மாதங்களில் சர்வ சாதாரணம். ஆலையைச் சுற்றிப் புல் செதுக்கி வைக்க வேண்டியது உரிமையாளர் பொறுப்பு. அதற்கு அப்பால் தீ வைக்காமல் இருப்பது எங்கள் பொறுப்பு. அக்கினிச் சட்டி, முளைப்பாரி ஊர்வலங்கள் பட்டாசுக் கடைத் தெருவைச் சுற்றிப் போகும்படி காவல் துறை பாதை வகுத்துக் கொடுக்கலாம். ரோட்டோரம் கொட்டிப்போன கழிவு வெடியைப் பொறுக்கி விளையாட வேண்டாம் என்று கோடை லீவுக்கு முன்பே பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பலாம்.

நான்காவதுதான் கஷ்டமானது: பட்டாசுக்கு வைக்கும் கருந்திரியை வீட்டுக்குள் தயாரிப்பது. காகிதக் குழாய் உருட்டுவதும் பெட்டி ஒட்டுவதும் எங்கள் திண்ணைகளில் காலங்காலமாக நடக்கிறது. அதில் வெடிமருந்து இல்லை. கருந்திரி அப்படியில்லை, அது மருந்து. அடுப்பெரிகிற வீட்டில், பிள்ளை தூங்குகிற அறையில் அதை வைத்திருந்து தீப்பிடித்தால் மூன்று வீட்டுச் சுவர் போகும். "சட்டவிரோதம், கைது" என்று மட்டும் எழுதினால் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்கள். அது இன்னும் ஆபத்து. மழைக்காலத்தில் வேலையில்லை, உச்ச நீதிமன்றம் 2018இல் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்ட பிறகு பல ஆலைகளில் வேலை நாளும் குறைந்தது. கை நீட்டி வாங்கிய முன்பணம் வேறு. கைது வரிக்குக் கீழேயே, சுய உதவிக் குழுக் கடனுக்கும் மாற்று வேலைக்கும் ஊரில் யாரைப் பார்ப்பது என்று ஒரு வரி போடுங்கள்.

ஐந்தாவது, தீக்காயம். பற்பசை, இங்க், மாவு, முட்டை என்று கைக்கு அகப்பட்டதைப் பூசுவது இன்னும் போகவில்லை. சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்று, வளையலையும் மோதிரத்தையும் வீங்குமுன் கழற்று, சுத்தமான வேட்டித் துணியால் லேசாக மூடு, ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதே, வேறெதையும் பூசாதே. குழாயில் தண்ணீர் வராத நாள்தான் எங்களுக்கு அதிகம். இதற்கென்று ஒரு குடம் எப்போதும் நிறைந்திருக்கட்டும் என்பதையும் சேருங்கள். சிவகாசி அரசு மருத்துவமனை, 2022இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி, மதுரை இராஜாஜி மருத்துவமனை ஆகியவற்றில் எந்த அளவுக் காயத்துக்கு எங்கே போவது என்று தெளிவாக எழுதினால், வண்டியை முதலில் எந்தப் பக்கம் திருப்புவது என்ற தடுமாற்றம் இருக்காது.

இப்படியெல்லாம் எழுதி வீடு வீடாகக் கொடுத்தால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள், தொழிலுக்குக் கெட்ட பெயர் என்று தங்களிடம் சிலர் சொல்லக்கூடும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து நூறு ஆண்டு ஆகிவிட்டது. மானாவாரி மண்ணில் மழையை நம்பிக் கெட்ட குடும்பங்கள் அந்தத் தொழிலாலும் அதன் வழியே வந்த பட்டாசுத் தொழிலாலும்தான் தலையெடுத்தன. இதை மூடச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. வெடிச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு ஒரு தாளைப் பார்த்தா பயம் வரப்போகிறது? பக்கத்திலிருப்பவருக்குத் தெரிந்து நடக்கும் ஆலை ஒழுங்காகத்தான் நடக்கும். ஒழுங்காக நடத்துகிற முதலாளிகளுக்கு இதில் நஷ்டம் இல்லை. உள்குத்தகைக்காரர்களோடு போட்டி போட முடியாமல் தவிப்பவர்களே அவர்கள்தாம்.

இதற்குப் புதிதாகச் சட்டம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடும். மே 1 அன்று மறுபடியும் கூடும். முதல் சபையில் பட்டியலை வாசித்துத் தாளைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆலைக்காரரும் போர்மேனும் தீயணைப்பு நிலையத்தாரும் ஊர் நடுவில் உட்காரட்டும். நாங்கள் கேட்பதற்குப் பதில் சொல்லட்டும். மே 1 சபையில், வந்த புகார்கள் எத்தனை, நடவடிக்கை எடுத்தவை எத்தனை என்று கணக்குச் சொல்லட்டும். அந்தக் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் தங்கள் அலுவலகம் வெளியிடட்டும். இந்த ஆண்டுக் கிராம சபைப் பொருள் நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கத் தங்கள் கையெழுத்து ஒன்று போதும். அதைப் போட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆலை வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும்
சிவகாசி வட்டாரக் குடிமகன்