எந்தப் புனிதம்?

‘புனிதம்’ என்ற சொல்லை நம் பத்திரிகைகள் கணக்கின்றிச் செலவழிக்கின்றன. புளியந்தீவில் புனித மைக்கேல் கல்லூரி. வைகாசிச் சடங்குக்கு மட்டுமே கதவு திறக்கும் கண்ணகி அம்மன் கோயில்களும் புனிதம். காணி பிடிக்க வருவோர் நாட்டும் பலகையிலும் ‘புனித பூமி’. சொல் ஒன்றானதால் பொருளும் ஒன்றென மயங்குகிறோம். இம்மயக்கத்தால் யாருக்கு இலாபம்?

இலத்தீன் மொழி இவ்விடயத்தில் கவனமாக இருந்தது. ‘சக்கேர்’ என்பது தெய்வத்துக்கென ஒதுக்கப்பட்டது, மனிதன் தொடலாகாதது. சபிக்கப்பட்டவனையும் இதே சொல் குறித்தது. அவனைக் கொல்வது கொலைக்குற்றம் ஆகாது. ‘சாங்க்துஸ்’ என்பது சட்டம் காவல் நிற்கும் பொருள். நகர மதிலும் வாயிலும் அவ்வகை. பின்னாளில் கிறிஸ்தவம் இச்சொல்லையே தன் புனிதர்களுக்குச் சூட்டியது. ‘ரெலிகியோசுஸ்’ என்பது இறந்தோர் துயிலும் நிலம்.

2ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் காயுஸ் இவற்றைத் தெளிவாகப் பிரித்தார். ஒரு நிலம் ‘சக்கேர்’ ஆவதற்கு உரோம மக்களின் அதிகாரம் வேண்டும்: சட்டமோ செனற் சபைத் தீர்மானமோ. கல்லறை அப்படியன்று. ஒருவன் தன் நிலத்தில் தன் உறவைப் புதைத்தாலே போதும். அரசின் முத்திரை வேண்டியதில்லை.

2020 ஜூனில் கிழக்கின் தொல்பொருள் மரபுக்கென ஒரு சனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தொல்பொருள் இடங்களுக்கு எவ்வளவு காணி என்று வரையறுப்பதும் அதன் பணி. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் இது. அமைக்கப்பட்டபோது அச்செயலணியில் தமிழர் ஒருவரும் இல்லை, முஸ்லிம் ஒருவரும் இல்லை. இதுவா மக்களின் அதிகாரம்?

இதே மாவட்டத்தில்தான் தரவை, தாண்டியடி துயிலும் இல்லங்கள் தரைமட்டமாக்கப்பட்டன. ‘அவை பயங்கரவாதிகளின் கல்லறைகள்’ என்பார்கள். அதற்கும் உரோமரிடம் விதி உண்டு. பகைவரின் கல்லறை நமக்கு ‘ரெலிகியோசுஸ்’ அன்று, அதன் கல்லை எதற்கும் எடுக்கலாம் என்றார் பவுலுஸ் என்னும் சட்ட அறிஞர். கொடிய விதிதான், ஆனால் அதில் ஒளிவுமறைவு இல்லை. நம் ஆட்சியாளரோ ‘ஒரே நாடு’ என்று மேடையில் முழங்கினர், கல்லறையில் மட்டும் பகைவரைக் கண்டனர். காணி யாருடையது என்று வாதிடலாம். அங்கு புதைக்கப்பட்டோரின் தாய்மார் இந்நாட்டுப் பிரசைகள் என்பதில் வாதமில்லை.

கண்ணகியின் மூடிய கதவை எந்த வர்த்தமானியும் புனிதமாக்கவில்லை. ஊர் மதித்தது, அதனால் புனிதமாயிற்று. ஆகவே நண்பர்களே, இனி எவரேனும் ‘புனித பூமி’ என்று பலகை நாட்டினால், எந்தப் புனிதம் என்று கேளுங்கள். யார் அளித்தது? எச்சட்டம் காக்கிறது? யாருடைய எலும்பு அங்கே கிடக்கிறது? விடை வராவிட்டால், அது ‘சக்கேர்’ என்ற சொல்லின் மறுமுகம்: காணி தெய்வத்துக்கு, சாபம் அங்கு குடியிருந்தவனுக்கு.